ஆடத் தெரிந்தவர் பலர், ஆள் பார்க்கத் தெரிந்தவர் யார்?



ஆண்டு மலர் என்றால் விளையாட்டுப் பக்கத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பெரிய ஆட்டக்காரரின் வாழ்க்கை வரலாறு வரும். பிறந்த தேதி, அடித்த ரன், போட்ட கோல், வாங்கிய விருது, கடைசியில் நாமும் அவர்போல் உயர்வோம் என்று ஒரு வரி. போன வருட மலரிலும் அப்படித்தான். நான் குறை சொல்லவில்லை, நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துப் பையன்களையும் சேர்த்தால் சாயந்திரம் நம் மைதானத்தில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடப் போகிறோம்? இந்தியாவை விடுங்கள், மாநில அணியின் கதவைத் தட்டப் போகிறவர்கள் எத்தனை பேர்?

விடை எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் மீதிப் பேருக்கு விளையாட்டு என்பது டிப்ளமோ முடியும் வரைதானா? கடைசி செமஸ்டர் பிராக்டிகல் முடிந்த அன்றைக்கே பூட்ஸைக் கழற்றிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை என்பது என் கட்சி. பெரிதாக ஆடாதவனுக்கும் விளையாட்டில் தொழில் இருக்கிறது. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற தொழில் ஒன்று, ஆள் பார்க்கிற தொழில் இன்னொன்று. முதலாவது கோச், அதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதற்கு ஸ்கவுட் என்று பெயர். (ஸ்கவுட் என்றதும் நமக்குக் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கொடியேற்றத்துக்கு நிற்கும் சாரணர்தான் ஞாபகம் வருவார். இது வேறு.) ஊர் ஊராகப் போய், பெயரே தெரியாத ஒரு பையன் ஆடுவதைப் பார்த்து, "இவன் தேறுவான்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. ஐரோப்பாவில் கால்பந்துக்கு இது சம்பளம் வாங்கும் உத்தியோகம். இங்கிலாந்து, கிரீஸ், போர்ச்சுகல் என்று எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், கீழ் டிவிஷன்களிலேயே முப்பது வயதுக்கு மேல் வரை ஆடி முடித்தவர்கள் பலர், அடுத்ததாக லைசென்ஸ் படிப்புப் படித்து இந்த வேலைக்குள் வருகிறார்கள்.

ஆடும்போது பெயர் எடுக்காமல் பிறகு பெயர் எடுத்தவர்களுக்கு உதாரணம் நிறைய. போர்ச்சுகல்காரர் ஜோசே மொரின்யோ ஆட்டக்காரராக யாரும் கண்டுகொள்ளாதவர். பாபி ராப்சன் என்ற இங்கிலாந்துக் கோச்சுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலைக்குச் சேர்ந்தார். 2004-ல் போர்ட்டோ அணியை ஐரோப்பாவுக்கே சாம்பியன் ஆக்கினார். இத்தாலிக்காரர் அரிகோ சாக்கி அதற்கும் ஒரு படி மேலே. அப்பாவின் செருப்புத் தொழிற்சாலைக்கு விற்பனையாளராக அலைந்தவர், 1989, 1990 இரண்டு வருடமும் ஏ.சி. மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். பெரிய ஆட்டக்காரனாக இல்லாதவன் எப்படிக் கோச் ஆகலாம் என்று கேட்டவர்களிடம், குதிரை ஓட்டுகிறவன் முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டது பிரபலம்.

ஆள் பார்ப்பவர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்டீவ் வால்ஷ். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்த மனிதர். லெஸ்டர் சிட்டி என்ற சாதாரண அணிக்கு ஆள் தேடிக் கொடுத்தார். ஐந்தாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த ஜேமி வார்டி 2012-ல் அங்கே வந்தார். பிரான்சில் இரண்டாம் டிவிஷன் ஆட்டம் ஒன்றில் வேறொரு பையனைப் பார்க்கப் போன வால்ஷ், அதே அணியில் ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்த ரியாத் மஹ்ரெஸ் என்பவரைக் குறித்துக்கொண்டு வந்தார். 2016-ல் அந்த லெஸ்டர் இங்கிலாந்து பிரீமியர் லீக் சாம்பியன்! பார்க்கப் போனது ஒருவரை, பார்த்துவிட்டு வந்தது இன்னொருவரை. இந்த வித்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை மாப்ளே, நம்ம பக்கம் ஒத்து வருமா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும் என்று தெரியும். நம்ம பக்கத்துக்கே வருகிறேன்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. நடராஜன் என்றால் எல்லோருக்கும் தெரியும், யார்க்கர் நடராஜன். அப்பா நெசவு வேலை, அம்மா ரோட்டோரத்தில் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். நம் ஊர்களில் பொங்கலுக்கு, திருவிழாவுக்கு நடத்துகிறோமே, அதே டோர்னமென்ட் கிரிக்கெட்தான். அந்த டென்னிஸ் பந்தைப் பார்த்து, "இந்தக் கை வேறு கை" என்று கண்டுகொண்டவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். யார் இந்த ஜெயப்பிரகாஷ்? ரஞ்சி ஆடியவரா? இல்லை. சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர். நீங்களும் நானும் கேள்வியே பட்டிருக்க மாட்டோம். ஆனால் அந்தக் கீழ் டிவிஷன் அனுபவம்தான் இங்கே வேலை செய்தது. சென்னையில் கிளப் எப்படி இயங்குகிறது, எந்த டிவிஷனில் எப்படிப்பட்ட பையனைச் சேர்ப்பார்கள், யாரிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் நடராஜன் சென்னைக்குப் போனார். 2010-11-ல் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று படி ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சி.

ரஞ்சிக்குப் போனதோடு கதை முடியவில்லை. பந்து வீசும்போது முழங்கை மடங்குகிறது என்று புகார் வந்து ஒரு வருடம் போல ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கையைத் திருத்த உதவியவர்களில் ஒருவர் சுனில் சுப்பிரமணியம். அவரும் தமிழ்நாட்டுக்கு ஆடியவர், இந்தியாவுக்கு ஆடாதவர். அஸ்வினுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக், 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது, பிறகு ஹைதராபாத். 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் ஒரு நாள் போட்டி, இரண்டு நாள் கழித்து டி-20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். வலைப்பயிற்சிக்குப் பந்து போடக் கூட்டிப்போன பையன் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார்!

ஐ.பி.எல்.லில் அவர் சட்டையின் முதுகில் என்ன பெயர் இருந்தது என்று கவனித்தீர்களா? ஜே.பி. நட்டு. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ். கோடி ரூபாய்க்கு ஏலம் போன ஆள், லீக்கின் கீழ் டிவிஷனில் ஆடிய ஒருவரின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு ஓடினார். எனக்கு அவருடைய யார்க்கர்களைவிட இது பெரிதாகப் படுகிறது. சரி, ஒருவர் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் ஃபைனலில் ஐந்து விக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜி. பெரியசாமியும் அதே சின்னப்பம்பட்டி. ஒரே கிராமத்தில் இரண்டாவது அதிர்ஷ்டமா? அங்கே பார்ப்பதற்கு ஒரு கண் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

கால்பந்துக்கு வருவோம். ராமன் விஜயன் கீழ் டிவிஷன் ஆள் இல்லை. இந்தியாவுக்கு ஆடியவர், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் கோல் போட்டவர். ஆட்டம் முடிந்த பிறகு அவர் பயிற்சிக்கு இறங்கிக் கால்பந்துப் பள்ளி நடத்தினார். அங்கே வளர்ந்தவர்தான் காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன். 2022-ல் டுராண்ட் கோப்பை வென்ற பெங்களூரு அணியில் இவர் இருந்தார். 2022-23 ஐ.எஸ்.எல். போட்டியின் வளரும் வீரர் விருதும் இவருக்குத்தான். நம்மை அடுத்த கடலூரைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து வந்தவர் மாரியப்பன் என்ற கோச். இந்திய அணிக்கு ஆடி, தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆன இந்துமதி கதிரேசன் அந்தக் கடலூர்க்காரர்தான். நம் கல்லூரி மாணவிகள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கவும். ஸ்போர்ட்ஸ் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவதைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. கபடியில் தஞ்சாவூர்ப் பக்கத்து கே. பாஸ்கரன் 2014-ல் ஜெய்ப்பூர் அணிக்குக் கோச்சாக இருந்து முதல் புரோ கபடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இன்னும் சொல்லலாம், பக்கம் போதாது.

இப்போது பெரம்பலூர், அரியலூர். ஜெயப்பிரகாஷ் போல, மாரியப்பன் போல நமக்கு யார் இருக்கிறார்கள்?

அரியலூருக்கு ஒரு பெருமை உண்டு. ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம் நம் மண்ணின் பிள்ளை. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கி, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் அவர் பட்டை தீட்டப்பட்டது எங்கே? கோவில்பட்டியில். அங்கே ஹாக்கிக்கு விடுதி இருக்கிறது, மைதானம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக ஹாக்கி பார்த்துப் பழகிய கண்கள் இருக்கின்றன. அரியலூர்ப் பையன் கோவில்பட்டி வரை போய்ச் சேர்ந்தார் என்பது சந்தோஷம். போய்ச் சேராத பையன்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

பெரம்பலூர் வழியாகச் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை போகிறது. அரியலூர் வழியாகச் சென்னை ரயில் போகிறது. கோச்சுகளும் ஸ்கவுட்டுகளும் இந்த இரண்டிலும் நம்மைத் தாண்டித்தான் போகிறார்கள், வருகிறார்கள். இறங்குகிறவர் யாரும் இல்லை. டீ குடிக்க டோல்கேட் பக்கம் இறங்கினால் உண்டு! அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நூறு பையன்களைப் பார்க்கக்கூடிய சென்னையை விட்டுவிட்டு, ஒரு பையனுக்காக வெங்காயக் காட்டு வழியே டவுன் பஸ் பிடித்து யார் வருவார்கள்? வெளியிலிருந்து வரமாட்டார்கள் என்றால் உள்ளேயே ஒருவர் வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று எல்லோரும் ஏங்குகிறோம். ஒன்றியத்துக்கு ஒரு கண் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

அப்படிப்பட்ட கண் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு அண்ணன். சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் திருச்சி வரை போய்க் கால்பந்து ஆடியவர். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் சாயந்திரம் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்து திண்டில் உட்கார்ந்திருப்பார். கத்த மாட்டார், விசில் ஊத மாட்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பந்து வெச்சிருக்கிறவனைப் பாக்காதடா தம்பி. பந்து இல்லாதவன் என்ன பண்றான்னு பாரு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

அவர் சொன்னதில் சிலதை எழுதுகிறேன், பயன்படும். பந்து வருவதற்கு முன்னால் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற பையன் யார் என்று கவனி. பந்தைப் பறிகொடுத்த அடுத்த நிமிடம் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, துரத்துகிறானா என்று பார். வராத காலில் பந்து வந்தால் சுற்றிக்கொண்டு வருகிறானா, அந்தக் காலிலேயே முயற்சி பண்ணுகிறானா? 5-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது எவன் இன்னும் பந்து கேட்கிறான்? கோல் போட்டவனை ஊரே பார்க்கும், அதற்கு நீ வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பதினான்கு வயதுக்கு உட்பட்ட தேர்வில் உயரமான பையனைத்தான் எடுப்பார்கள். ஒரே வருடத்தில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பார்கள். அந்த வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது நாலு விரல் உயரம். உயரத்தை எடுத்துவிட்டுத் திறமையை எடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். குட்டையாக இருந்து ஒதுக்கப்பட்ட டிசம்பர்ப் பையன் பதினேழு வயதில் வளர்ந்து நிற்கும்போது மைதானத்தில் இருக்க மாட்டான், எங்கேயாவது பட்டறையில் இருப்பான். உலகம் முழுக்க இந்தக் கோளாறு இருக்கிறது, அதற்கென்று ஆராய்ச்சிகளே நடந்திருக்கின்றன. மஹ்ரெஸ் ஒல்லி என்று வேறு யாரும் சீந்தாதபோது வால்ஷ் சீந்தினார் பாருங்கள், அந்த வித்தை இதுதான்.

மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் நம் இன்ஸ்ட்ரக்டர் அந்தக் கோடியில் நின்றுகொண்டே, "ஏம்ப்பா மூணாவது லேத், டூல் மழுங்கிடுச்சு, நிறுத்து" என்பார். பார்த்துச் சொல்ல மாட்டார், சத்தத்தைக் கேட்டே சொல்வார். மைக்ரோமீட்டரை வைத்து அளப்பது நமக்கும் வரும். அளப்பதற்கு முன்னாலேயே தெரிவது பத்து வருடம் லேத் பக்கத்தில் நின்றவருக்குத்தான் வரும். அவர் உலகத்திலேயே பெரிய டர்னராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் பையன்கள் டூல் பிடிப்பதைப் பார்த்திருக்க வேண்டும். கோச்சும் அப்படித்தான்.

"சரிடா, அந்த அண்ணனுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் என் ஆத்திரம். அவரிடம் காகிதம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாவட்டத் தேர்வுக்கு எங்கள் ஊர்ப் பையன் ஒருவனைக் கூட்டிப்போனார். பையனின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "நீங்க யாரு? என்ன சர்டிபிகேட் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். டிப்பர் டிரைவர் என்று சொல்ல அவருக்கு என்ன வெட்கம்? சொன்னார். பையனைப் பத்து நிமிடம்கூட ஆடவிடவில்லை. அந்தப் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் பொய் சொல்லவில்லை, அவன் வலது கால் எப்படி என்பதை அவனோடு ஆடியவர்களைக் கேளுங்கள்.

ஆகவே காகிதம் வேண்டும். கண் இருந்தால் போதும் என்று வசனம் பேசிக்கொண்டிருந்தால் பையன்கள் பனியன் கம்பெனிக்குத்தான் போவார்கள். அந்தக் காகிதம் எட்டாத தூரத்தில் இல்லை. கால்பந்துக்கு இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் சேரலாம். சில நாட்கள் வகுப்பு, மைதானத்தில் பயிற்சி நடத்திக் காட்டும் தேர்வு, அவ்வளவுதான். அதற்கு மேலே ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் புரோ என்று ஏணி போகிறது. பாட்டியாலாவில் 1961-லிருந்து தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும், ஒரு வருட டிப்ளமோவும் அங்கே உண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்த டிப்ளமோவில் சேரப் பொதுவாக டிகிரி கேட்பார்கள். டிப்ளமோ முடித்தவனுக்கு டிப்ளமோவில் இடம் இல்லை! அதனால் அந்த வழியை யோசிப்பவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்துவிட்டு யோசியுங்கள். நமக்கு இன்றைக்கு எட்டுவது டி லைசென்ஸும் ஆறு வாரப் படிப்பும்தான். நடுவர் தேர்வு எழுதுவதும் நல்ல வழி. வாரம் நாலு ஆட்டம் நடத்துகிற நடுவரைவிட அதிகமாக ஆட்டம் பார்க்கிறவர் யார்?

தடை இல்லையா என்றால் இருக்கிறது. வகுப்பு பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கும் என்று பயப்படுவார்கள். நாம் செமஸ்டருக்குச் செமஸ்டர் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸை எந்த மொழியில் எழுதித் தேறுகிறோம்? பயம் அர்த்தமில்லாதது. பணம் என்பது நிஜமான தடை. கட்டணம், பஸ் செலவு, தங்கும் செலவு, அத்தனை நாள் கூலி நஷ்டம். டிப்பர் அண்ணனுக்கு அடைபட்ட கதவு இதுதான்.

வீடு என்பது இன்னொரு தடை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவிடம் கோச் ஆகப் போகிறேன் என்றால், "பந்து ஒதைக்கத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?" என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் நான் சொல்லப்போகும் பதில் இதுதான்: வேலையை விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. சிமென்ட் ஆலையில் அப்ரண்டிஸ் கிடைத்தால் போவேன். ஷிப்ட் முடிந்து மைதானத்துக்கும் போவேன். ஜெயப்பிரகாஷும் மாரியப்பனும் மைதானத்துக்குப் போகும்போது நாளைக்கு இன்ன பையன் இன்ன உயரத்துக்குப் போவான் என்று எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டா போனார்கள்?

இப்போது நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் விளையாட்டு நிதியில் பெரும் பங்கு எதற்குப் போகிறது? ஜெர்சிக்கு. முதுகில் பெயர், நெஞ்சில் பேரவைச் சின்னம், கையில் ஸ்பான்சர் கடையின் பெயர். போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு சலவைக்குப் பிறகு எழுத்து உரிந்துவிடுகிறது. போன வருட ஜெர்சியே என்னிடம் நன்றாக இருக்கிறது, இன்னும் பலரிடமும் இருக்கும். இந்த ஒரு வருடம் ஜெர்சி வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் டி லைசென்ஸுக்கு அனுப்புவோம். நன்றாக ஆடுகிறவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கிறவர் யார் என்று கேப்டன்களுக்குத் தெரியும், அவரை அனுப்புங்கள்.

போய் வந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதம் இரண்டு சனிக்கிழமை காலை, நம்மைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் ஒன்றுக்குப் போய் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு நீள நோட்டு. பெயர், பிறந்த மாதம், எந்தக் கால், பந்து இல்லாதபோது என்ன செய்கிறான் அல்லது செய்கிறாள், அவ்வளவு போதும். ஃபோன் எல்லோரிடமும் இருக்கிறது, அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்து வைக்கலாம். அடுத்த வருடம் அதே பிள்ளையை மறுபடி பார்த்து அதே பக்கத்தில் எழுத வேண்டும். நாம் டிப்ளமோ முடித்துப் போகும்போது நோட்டு ஜூனியர் கைக்குப் போகும். விடுதித் தேர்வு, மாவட்டத் தேர்வு என்று அறிவிப்பு வரும்போது அந்த நோட்டோடும் லைசென்ஸ் அட்டையோடும் நம்மில் ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பார். "நீங்க யாரு?" என்று கேட்டால் அட்டையைக் காட்டலாம். டிப்பர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். சனிக்கிழமை லோடு இல்லை என்றால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஆள் வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவுக்கு வந்து கையெழுத்துப் போடலாம். சாயந்திரம் நாலரைக்கு மேல் என்றால் மைதானத்தில், மேற்குப் பக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருப்பேன்.